சாக்ரேதோவின் மாளிகையில் நான்கு நாள்கள்

1632-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் புளோரன்ஸ் நகரில் அச்சேறிய ஒரு நூலைக் கத்தோலிக்கராகிய நாம் இன்றும் இயல்பான மனத்தோடு கையில் எடுப்பதில்லை. கலிலேயோ எழுதிய 'இரு பெரும் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல்' என்னும் அந்நூலின் பெயரைக் கேட்டதுமே நம்முள் ஒரு வழக்குமன்றம் கூடிவிடுகிறது. நம்மில் சிலர் தலைகுனிகின்றனர். சிலர், திருச்சபையின் தரப்பிலும் நியாயம் இருந்தது என்று வாதாடப் புறப்படுகின்றனர். இவ்விரு சாராரும் படிப்பது 1633-ஆம் ஆண்டின் தீர்ப்பையே அன்றி, அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த நூலை அன்று. தீர்ப்பைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நூலை ஓர் இலக்கியப் படைப்பாக எடுத்துக்கொண்டு, அதில் பேசுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

நூலின் அமைப்பு எளிமையானது. வெனிஸ் நகரில் சாக்ரேதோ என்னும் பெருமகனாரின் மாளிகையில் மூவர் நான்கு நாள்கள் கூடிப் பேசுகின்றனர். ஒருவர் சால்வியாத்தி, கோப்பர்நிக்கசின் கொள்கையை எடுத்துரைப்பவர், கலிலேயோவின் குரலாக ஒலிப்பவர். மற்றொருவர் சிம்ப்ளீச்சியோ, அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கரைத்துக் குடித்தவர். மூன்றாமவர் வீட்டுக்காரரான சாக்ரேதோ. இவர் எப்பல்கலைக்கழகத்திலும் கற்பிப்பவர் அல்லர். எக்கொள்கையையும் காக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அறிய ஆசைப்படுகிறார், அவ்வளவே.

சிம்ப்ளீச்சியோ கற்பனை மாந்தர். ஆறாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய ஓர் அறிஞரின் பெயரைக் கலிலேயோ அவருக்குச் சூட்டினார். மற்ற இருவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள், கலிலேயோவின் நெருங்கிய நண்பர்கள். சால்வியாத்தி 1614-லும், சாக்ரேதோ 1620-லும் இறந்துபோயினர். நூல் வெளிவந்தபோது இருவரும் உயிரோடு இல்லை. பிரிந்த நண்பர்களை மீண்டும் ஓர் அறையில் அமர்த்திப் பேச வைத்து மகிழும் ஒரு முதியவரின் ஏக்கம் இந்நூலின் பக்கங்களில் இழையோடுவதை நாம் உணர்கிறோம். கலிலேயோவுக்கு அப்போது வயது 68.

இலத்தீனில் எழுதியிருந்தால் ஐரோப்பா முழுவதும் இருந்த அறிஞர்கள் உடனே படித்திருப்பார்கள். ஆயினும் அவர் இத்தாலிய மொழியையே தேர்ந்தார். சந்தையிலும் கப்பல் துறையிலும் வழங்கிய மொழியில் வான இயலைப் பேசினால், இலத்தீன் அறியாத வணிகரும் கைவினைஞரும் அதைக் கேட்பார்கள். கேட்டால் வினவவும் தொடங்குவார்கள். (அதே ஆண்டுகளில் மதுரைப் பகுதியில் தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மறையுண்மைகளைத் தமிழ் உரைநடையில் எழுதிக்கொண்டிருந்தார். நோக்கங்கள் வேறு, ஆனால் மக்கள் மொழியில் பேசத் துணிந்தவர்கள் என்னும் வகையில் இருவரையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.)

வினா விடை என்றதும் நமக்கு இரண்டு வடிவங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, இளமையில் மனனம் செய்த ஞானோபதேசம். அங்கே கேட்பவருக்கு விடை முன்னரே தெரியும். சொல்பவருக்குத் தெரியுமா என்று அறியவே கேட்கிறார். மற்றொன்று நம் திருவிழா மேடைகளின் பட்டிமன்றம். அங்கே இரு அணிகளும் எப்பக்கம் பேசுவதென்று முன்னரே முடிவு செய்துகொண்டு வருகின்றன. நடுவர் தீர்ப்புச் சொல்லிக் கூட்டத்தைக் கலைக்கிறார். இரண்டிலும் குறையில்லை, அவற்றுக்குரிய இடத்தில் அவை தேவையே. ஆனால் அறிவியல் வினாக்களுக்கு இவ்விரண்டும் போதா. விடை தெரியாதவர் கேட்கும் கேள்வியும், பேச வந்தபோது கொண்டிருந்த கருத்தோடு எழுந்து போக வேண்டிய கட்டாயம் இல்லாத பேச்சும் அங்கே வேண்டும். சாக்ரேதோ அந்த இடத்தை நிரப்புகிறார். அவர் நடுவர் அல்லர். அணித் தலைவரும் அல்லர். அவர் இல்லாவிடில் இந்நூல் இரு பேராசிரியர்களின் பூசலாக முடிந்திருக்கும்.

முதல் நாளில் வரும் ஒரு காட்சியைக் காண்போம். நிலவு பளிங்குபோல் வழுவழுப்பான கோளம் என்கிறார் சிம்ப்ளீச்சியோ. வழுவழுப்பாக இருப்பதால்தான் கண்ணாடியைப்போல் கதிரவனின் ஒளியை நமக்குத் திருப்பி அனுப்புகிறதாம். சால்வியாத்தி எந்த நூலையும் புரட்டவில்லை. சுவரில் தொங்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள் என்று இருவரையும் அழைக்கிறார். வெயில் படும் சுவரில் அதை மாட்டிவிட்டு மூவரும் நிழலில் ஒதுங்கி நின்று பார்க்கின்றனர். எது அதிக வெளிச்சமாகத் தெரிகிறது, சுவரா, கண்ணாடியா? சொரசொரப்பான சுவர் எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஒளிர்கிறது. கண்ணாடியோ, எதிரொளி விழும் ஒரே ஓர் இடத்தில் நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. மற்றெல்லா இடங்களிலும் நிற்பவர்க்கு இருண்டே தோன்றுகிறது. நிலவு எங்கிருந்து நோக்கினும் சீராக ஒளிர்வதால், அதன் மேற்பரப்பு கண்ணாடியைப்போல் அன்றிச் சுவரைப்போல் கரடுமுரடாகவே இருத்தல் வேண்டும். ஒரு கண்ணாடி, ஒரு சுவர், சிறிது வெயில்! இச்சோதனைக்கு இவற்றுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நம் வீட்டு முற்றத்தில் நாளைக் காலையிலேயே நாமும் செய்து பார்க்கலாம். அறிவியல் பற்றிய எளிய நூல்கள் பல நமக்கு முடிவுகளைச் சொல்கின்றன. முற்றத்துக்கு அழைத்துச் செல்பவை மிகச் சிலவே.

இரண்டாம் நாளில் சாக்ரேதோ தாம் நேரில் கண்டதாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். வெனிசில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரின் இல்லத்தில் பிணக்கூறு ஆய்வு நடைபெறுகிறது. நரம்புகள் இதயத்திலிருந்து புறப்படுகின்றன என்பது அரிஸ்டாட்டில் வழி வந்தோரின் கொள்கை. மூளையிலிருந்து என்பது மருத்துவர்களின் கொள்கை. பெருந்தண்டாக மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றையையும், இதயத்தைச் சென்று சேரும் நூலிழை போன்ற ஒற்றை நரம்பையும் மருத்துவர் வெட்டிக் காட்டுகிறார். பார்த்துக் கொண்டிருந்த அரிஸ்டாட்டில் அன்பர் சற்றே சிந்தித்துவிட்டு, நீர் இதை எவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டீர் என்றால், அரிஸ்டாட்டிலின் நூல் மட்டும் மாறாகச் சொல்லாதிருந்தால் இதை உண்மையென்றே நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்கிறார். நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால் சாக்ரேதோ இதைக் கூறும் தொனியில் ஏளனத்தைக் காட்டிலும் வியப்பே மிகுதியாக உள்ளது. கண் திறந்திருந்தும் காணாதிருக்க ஒருவரால் எப்படி முடிகிறது என்னும் வியப்பு அது. இந்நிகழ்ச்சியை வாசகர்கள் மறவாமல் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம். நான்காம் நாளில் இதை நாம் தேடி வர வேண்டியிருக்கும்.

அதே நாளில்தான் கப்பல் வாதமும் வருகிறது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு குண்டைப் போட்டால், கப்பல் நிற்கும்போது அது மரத்தின் அடியில் விழும். ஓடும்போது பின்தங்கி விழும் என்கிறார் சிம்ப்ளீச்சியோ. சோதித்ததுண்டா என்று கேட்டால், தாம் சோதிக்கவில்லை, எழுதியவர்கள் சோதித்திருப்பார்கள் என்கிறார். சோதிக்காமலேயே அடியில்தான் விழும் என்று உறுதியாகச் சொல்லும் சால்வியாத்தியின் செருக்கும் நமக்கு முழுதாக ஏற்புடையது அன்று. 1640-ஆம் ஆண்டில் மார்செய் துறைமுகத்தில் கசெந்தி என்னும் குருவானவர் ஓடும் கப்பலில் இச்சோதனையைச் செய்து காட்டினார். குண்டு மரத்தின் அடியிலேயே விழுந்தது.

சால்வியாத்தி பிறகு ஒரு பெரிய கப்பலின் கீழ்த்தள அறைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். பறக்கும் பூச்சிகள் சில. நீர்த் தொட்டியில் நீந்தும் மீன்கள். மேலே தொங்கும் குப்பியிலிருந்து கீழேயுள்ள பாத்திரத்தின் குறுகிய வாயில் துளித்துளியாக விழும் நீர். கப்பல் ஆட்டமின்றிச் சீரான வேகத்தில் செல்லும் வரையில், அது நிற்கிறதா ஓடுகிறதா என்பதை இவற்றுள் எதைக் கொண்டும் அறிய முடியாது. பூமி சுழன்றால் நாம் அதை உணரமாட்டோமா என்னும் வினாவுக்கு இதுவே விடை. இதற்குச் சாக்ரேதோ தரும் மறுமொழி நம்மைக் கவர்ந்தது. தம் கடற்பயணங்களில் இவற்றைச் சோதித்துப் பார்க்கத் தமக்குத் தோன்றவில்லை என்கிறார். ஆனால் அறைக்குள் இருந்தபோது கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று பலமுறை ஐயுற்றதும், அது செல்லும் திசையை நேர்மாறாக எண்ணிக்கொண்டதும் நினைவுக்கு வருகின்றன என்கிறார். உண்மையான சாக்ரேதோ 1608 முதல் 1611 வரை சிரியா நாட்டு அலெப்போ நகரில் வெனிசின் தூதராகப் பணியாற்றியவர். கடல் அவருக்கு ஏட்டுச் செய்தி அன்று. வெனிசிலிருந்து அலெக்சாந்திரெத்தா துறைமுகம் வரை கப்பலில் ஓர் எழுதுகோல் கோடு இழுத்துக்கொண்டே சென்றால் அக்கோடு எப்படி இருக்கும் என்று அவரே மற்றோரிடத்தில் கேட்கிறார். ஓவியன் ஒருவன் அக்கோலால் வழிநெடுகப் படம் வரைந்திருந்தாலும், அத்தனை உருவங்களும் அந்த நெடுங்கோட்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு நெளிவுகளாகவே இருக்கும் அல்லவா? பட்டறிவையும் கற்பனையையும் ஒருசேரக் கொண்டுவரும் இத்தகைய கேள்வியைப் பேராசிரியர் இருவராலும் கேட்டிருக்க முடியாது.

இனி நூலின் குறைகளுக்கு வருவோம். இரு பெரும் அமைப்புகள் என்று தலைப்பே கூறுகிறது. ஆனால் அக்காலத்தில் மூன்றாவதாக ஓர் அமைப்பும் செல்வாக்குப் பெற்றிருந்தது: கோள்கள் கதிரவனைச் சுற்ற, கதிரவன் பூமியைச் சுற்றுகிறது என்னும் டைக்கோ பிராகேயின் அமைப்பு. இயேசு சபை வானியலார் பலர் அதன் பக்கமே சாய்ந்திருந்தனர். வெள்ளிக் கோள் நிலவைப்போல் வளர்ந்து தேய்வதை அவ்வமைப்பும் விளக்கவல்லது. அதை வாதத்துக்கு அழைக்காமலேயே கலிலேயோ வென்றுவிடுகிறார். நல்ல எதிர்வாதியை வெளியே நிறுத்திவிட்டு, எளிதில் வீழ்பவரை உள்ளே அமர்த்துவது நேர்மையான வாதம் ஆகாது. சிம்ப்ளீச்சியோவின் பெயரே இத்தாலியக் காதுக்குப் பேதை என்பது போல் ஒலிக்கிறது.

இருந்தும் இந்தச் சிம்ப்ளீச்சியோவை நாம் வெறுத்துவிட முடிவதில்லை. மூன்றாம் நாளன்று அவர் தாமதமாக வருகிறார். கடல்நீர் வற்றியதால் அவருடைய கொண்டோலாப் படகு கால்வாயொன்றில் தரைதட்டி நின்றுவிட்டதாம். காத்திருந்த நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. வடிந்துகொண்டே போன நீர், இடையில் ஓய்வேயின்றி உடனே ஏறத் தொடங்குவதைக் கவனித்துவிட்டு வந்து சொல்கிறார். அவர் ஏட்டை மறந்து நீரைப் பார்த்த அபூர்வமான வேளை அது.

கடலின் ஏற்றவற்றத்தைப் பற்றியதே நான்காம் நாள் முழுவதும். பூமி சுழல்கிறது என்பதற்கு இதுவே தம் வலிமையான சான்று என்று கலிலேயோ நம்பினார். நூலின் பெயரையே அதைக்கொண்டு அமைக்க விரும்பினார். திருத்தந்தை எட்டாம் உர்பானின் விருப்பப்படி அப்பெயர் கைவிடப்பட்டது. நன்னீர் ஏற்றி வெனிசுக்கு வரும் படகு திடீரென விரைந்தாலோ தயங்கினாலோ உள்ளிருக்கும் நீர் முன்னும் பின்னும் அலைமோதும் அல்லவா? பூமியின் தற்சுழற்சியும் ஆண்டுச் சுழற்சியும் ஓரிடத்தில் ஒரு பொழுது கூடியும் மறு பொழுது கழிந்தும் வருவதால், கடலும் அவ்வாறே மோதுகிறது என்பது வாதம். உவமை அழகானது, வாதம் தவறானது. இக்கணக்கின்படி நாளுக்கு ஒரே ஏற்றம்தான் வர வேண்டும். வெனிசிலோ இரண்டு வருகின்றன. மேலும் அவை நிலவோடு சேர்ந்து நாள்தோறும் நேரம் தள்ளிப்போகின்றன. நம் கடற்கரைப் பங்குகளின் மீனவர் எவரைக் கேட்டாலும், அமாவாசை பௌர்ணமி நாள்களில் கடல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்.

அந்த அறையிலும் ஒருவர் அதைச் சொல்கிறார். சொல்பவர் சிம்ப்ளீச்சியோ. மேனிலைக் குரு ஒருவர் எழுதிய சிறு நூலில், நிலவு கடல்நீரைத் தன்பால் ஈர்க்கிறது என்று கூறப்பட்டிருப்பதாக அவர் எடுத்துரைக்கிறார். உடனே அவரைத் தடுப்பவர் யார்? சால்வியாத்தி அல்லர், சாக்ரேதோ! இப்படிப்பட்டவற்றைச் சொல்வதும் அவற்றை மறுப்பதும் காலத்தை வீணாக்குவதே என்றும், இவற்றை ஏற்பது உம் அறிவுக்கே இழுக்கு என்றும் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார். நூலாசிரியரின் கருத்தும் அதுவே; நிலவுக்குக் கடல்மேல் ஆட்சி உண்டு என்பதற்குக் கெப்ளர் செவிசாய்த்ததைக் கண்டு தாம் வியப்பதாக இதே நாளில் அவர் சால்வியாத்தியின் வாயிலாகக் கூறுகிறார். 1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விசையைக் கொண்டு ஏற்றவற்றத்தை விளக்கியபோது, அதன் முதற்காரணம் நிலவே என்பது தெளிவாயிற்று.

இவ்விடமே நூலின் மாபெரும் சறுக்கல் என்பது நம் கருத்து. கலிலேயோ தவறியது பெரிதன்று; பெரியவர்கள் தவறுவார்கள். கடல்நீர் வாசற்படி வரை ஏறி இறங்கும் நகரில் பிறந்து வளர்ந்த சாக்ரேதோ, பிணக்கூறு அறையில் கண்மூடி நின்றவரைக் கண்டு வியந்த சாக்ரேதோ, இங்கே சாளரத்தைத் திறந்து நிலவைப் பார்க்க மறுக்கிறார். மூன்று நாள்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர் நான்காம் நாளில் புகழ மட்டுமே செய்கிறார். அரிஸ்டாட்டில் இருந்த இடத்தில் இப்போது சால்வியாத்தி அமர்ந்துவிட்டார். இருக்கை மட்டும் மாறவில்லை.

அதே நாள் இறுதியில் மற்றொரு குரலும் எழுகிறது. எல்லாம் வல்ல இறைவன் கடலை நம் அறிவுக்கு எட்டாத வேறு வழிகளாலும் அசைத்திருக்கலாம்; ஆகவே ஒரே வழிதான் உண்டென்று சாதிப்பது வரம்பு மீறிய துணிவு என்கிறார் சிம்ப்ளீச்சியோ. இது திருத்தந்தை உர்பானுக்கு மிகப் பிடித்த வாதம். அதைத் தோற்றுக்கொண்டே வந்தவரின் வாயில் வைத்தது கலிலேயோவுக்கு எவ்வளவு கேடாக முடிந்தது என்பதை நாம் அறிவோம். 1633 ஜூன் 22-ஆம் நாள் அவர் முழந்தாளிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக உறுதி கூறினார். நூல் தடை செய்யப்பட்டது. 1835-ஆம் ஆண்டின் பட்டியலிலிருந்துதான் அது நீங்கியது. அவ்வாதத்தில் மெய்யான தாழ்ச்சி உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. கடலைப் பொறுத்தமட்டில், கலிலேயோவின் வழியன்றி வேறு வழி உண்டு என்று அது சொன்னதும் சரியாகவே போயிற்று! ஆயினும் அது பேச்சின் தொடக்கமாக வராமல் முடிவாக வந்தது. இறைவன் வேறெப்படிச் செய்திருக்கலாம் என்று தேடிப் பார்ப்போம் என்று எவரும் எழவில்லை. சாக்ரேதோ நிலவை ஒதுக்கியது ஆர்வலரின் அவசரம். இது பக்தரின் அவசரம். இரண்டும் ஒரே மாலையில், ஒரே அறையில் நிகழ்ந்தன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 36-ஆம் எண், அறிவியலுக்குரிய தன்னுரிமையைச் சரியாக உணராத மனப்பான்மை கிறிஸ்தவரிடையேயும் இருந்ததற்கு வருந்துகிறது. அதன் அடிக்குறிப்பில் கலிலேயோவின் வாழ்க்கை வரலாறு சுட்டப்படுகிறது. 62-ஆம் எண், தாழ்ச்சியோடும் துணிவோடும் ஆய்வதற்கும் கருத்தைச் சொல்வதற்குமான உரிமை குருக்களுக்கு மட்டுமன்றிப் பொதுநிலையினருக்கும் உண்டு என்கிறது. 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆற்றிய உரை, விவிலியத்தைப் பொருள்கொள்ளும் முறையில் கலிலேயோ தம்மை எதிர்த்த இறையியலாரைவிடத் தெளிவுடையவராக இருந்தார் என்பதை ஏற்றது. உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஆலய மரத்தடியில் ஓர் இளைஞர் உயிர்களின் படிமலர்ச்சியைப் பற்றிக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் அமர்ந்து பேசுகிறோம்? அறிவியல் நிரூபித்துவிட்டது என்று ஒருவரும், தொடக்க நூலில் அப்படி இல்லை என்று மற்றொருவரும் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார்கள். கேட்ட இளைஞர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

கலிலேயோ அந்த மூவரையும் மீண்டும் ஒருமுறை கூட்டினார். வீட்டுச் சிறையில் எழுதி முடித்த 'இரு புதிய அறிவியல்கள்' 1638-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதற்குள் அவர் பார்வையை இழந்திருந்தார். இந்நூலில் ஏளனம் குறைந்து, சிம்ப்ளீச்சியோவும் மதிப்போடு நடத்தப்படுகிறார். பேச்சு தொடங்குவது வெனிசின் கப்பல் கட்டும் துறையில். அங்குள்ள கைவினைஞரோடு உரையாடுவதற்காகவே அடிக்கடி அங்கே போவதாகவும், அதனால் பலமுறை தெளிவு பெற்றதாகவும் சாக்ரேதோ கூறுகிறார். பெரிய கப்பலை நீரில் இறக்கும்போது, சிறிய கப்பலுக்கு வைப்பதைவிட மிகுதியான முட்டுகளைச் சுற்றிலும் வைக்கிறார்களே, ஏன்? தன் எடையைத் தாங்காமல் அது பிளந்துவிடும் என்று ஒரு முதிய தொழிலாளி காரணம் சொல்லியிருக்கிறார். ஒரே மரம், ஒரே வடிவம். அளவு மட்டும் பெருத்தால் வலிமை எப்படிக் குறையும்? அம்முதியவர் சொன்னது உலக வழக்கில் உள்ள பேச்சுத்தான், ஆனால் தமக்குப் பொய்யாகவே தோன்றியது என்கிறார் சாக்ரேதோ. கிழவர் சொன்னதே சரி என்கிறார் சால்வியாத்தி. எப்படி என்று கேட்டுக்கொண்டு சாக்ரேதோ அமர்கிறார்.